ஆர்எக்ஸ் 100 கிராங்க் சீல்: ஒரே எஞ்சினில் இரண்டு கசிவு

வண்டி 1994 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பு வீட்டில் பல வருடம் தார்ப்பாய்க்கு அடியில் நின்றிருந்தது. அப்பா வாங்கிய வண்டியை மகன் தூசி தட்டி எடுத்து, ஓட்டத் தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே இரண்டு பட்டறை பார்த்துவிட்டு, மூன்றாவதாக என்னிடம் கொண்டுவந்தார். புகார் இரண்டு. பின்னால் வருகிறவர்கள் கையை வீசித் திட்டும் அளவுக்குப் புகை. அப்புறம், எஞ்சின் சூடாகிவிட்டால் ஆக்சிலேட்டரை முழுக்க விட்டாலும் ரேஸ் இறங்குவதில்லை. சிக்னலில் நிற்கும்போது யாரோ திருகிக்கொண்டே இருப்பது மாதிரி கத்தும், பிறகு திடீரென்று அணைந்துவிடும்.

இதுவரை என்னென்ன செய்தார்கள் என்று கேட்டேன். முதல் பட்டறையில் புகைக்கு பிஸ்டன் ரிங்தான் காரணம் என்று சொல்லி, பிளாக்கை (சிலிண்டரை) உள்ளே கடைந்து போர் போட்டுப் புதுப் பிஸ்டன் மாட்டியிருக்கிறார்கள். புகை குறையவில்லை. இரண்டாவது பட்டறையில் கார்புரேட்டர் கிட் மாற்றி, பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கி, ஐடிலிங் ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டிருக்கிறார்கள். அதுவும் ஒரு வாரம்தான் தாங்கியது.

கடைசியில் அவராகவே ஒரு வைத்தியம் செய்திருந்தார். இந்த வண்டியில் எஞ்சினுக்கு வேண்டிய ஆயிலைத் தானாக அனுப்புவது ஆட்டோலூப் பம்ப். "ஆட்டோலூப் பம்பை அப்பா காலத்துலயே கழட்டிட்டாங்க. பெட்ரோல்ல கலந்துதான் ஓட்டறோம். புகை ரொம்ப வருதுன்னு ஆயிலைக் குறைச்சிட்டேனுங்க. லிட்டருக்கு 15 மில்லிதான் ஊத்தறேன்" என்றார்.

சொன்னதிலேயே என்னைப் பயமுறுத்தியது இந்தக் கடைசி வரிதான். கலவை எரிந்து வரும் புகையா, வேறு எங்கிருந்தோ வரும் ஆயில் எரியும் புகையா என்று பிரித்துப் பார்க்காமல் பெட்ரோலில் கலக்கும் டூ-டி ஆயிலைக் குறைத்தால், கிராங்க் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் போக வேண்டிய ஆயில்தான் குறையும். புகை அப்படியே இருக்கும்.

ரிங் மேல் பழி போட்டதும் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளைப் பார்த்துப் பழகிய கண்ணின் வேலை. ஃபோர் ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கீழே ஆயில் இருக்கிறது. ரிங் தேய்ந்தால் அது மேலே ஏறி எரியும். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கீழே இருப்பது பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை மட்டுமே. ரிங் தேய்ந்தால் இழுவை போகும், ஸ்டார்ட்டிங் போகும். கொத்துக் கொத்தாகப் புகை வராது. அப்படி வந்தால் கிராங்க் சீல் வழியாகக் கியர் பெட்டியிலிருந்து ஆயில் உள்ளே வருகிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

சீல் ஏன் இவ்வளவு முக்கியம்

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) இருக்கும் அறையே ஒரு பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது அறையில் வெற்றிடம் உண்டாகி, ரீட் வால்வு திறந்து கார்புரேட்டரிலிருந்து கலவை உள்ளே வரும். பிஸ்டன் கீழே வரும்போது அந்தக் கலவை அழுத்தப்பட்டு, பக்கவாட்டு வழிகளில் ஏறி சிலிண்டருக்குள் போகும். ஆர்எக்ஸ் 100 தன் முழு 11 குதிரைத் திறனைக் காட்டுவது நிமிடத்துக்கு 7500 சுற்றில். அந்த வேகத்தில் இந்த வெற்றிடமும் அழுத்தமும் நொடிக்கு 125 தடவை மாறி மாறி வரும். அறையிலிருந்து கிராங்க் தண்டு வெளியே வரும் இரண்டு இடங்களிலும் ஆளுக்கொரு ரப்பர் சீல்தான் காவல். இடது பக்கம் மேக்னெட் (மின்சாரம் தரும் காந்தச் சக்கரம்), அதற்கப்பால் வெளிக்காற்று. வலது பக்கம் பிரைமரி கியரும் கிளட்சும், அதாவது கியர் ஆயில்.

இடது சீல் போனால் ஒவ்வொரு சுற்றிலும் வெளிக்காற்று உள்ளே வரும். கலவை மெலியும். ரேஸ் தானாக ஏறும், சூடு ஏறும், கடைசியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். வலது சீல் போனால் வெற்றிடம் கியர் ஆயிலை உறிஞ்சும், புகை வரும், பிளக் கரி பிடித்து நனையும். இரண்டும் தனித்தனியாகப் போனால் கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை. இந்த வண்டியில் இரண்டும் ஒரே நேரத்தில் போயிருந்தன. அதனால் ஒன்று இன்னொன்றை மறைத்துவிட்டது.

எப்படி என்றால், மெலிந்த கலவையைக் காட்டிக்கொடுக்க வேண்டியது பிளக். வெளுத்துப் போய் நிற்க வேண்டும். ஆனால் வலது பக்கத்திலிருந்து வந்த கியர் ஆயில் பிளக்கைக் கறுப்பாக்கி ஈரமாக வைத்திருந்தது. கழற்றிப் பார்த்தவர் எல்லோரும் "கலவை ஓவர்" என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். உரிமையாளர் ஆயிலைக் குறைத்ததும் அந்தக் கறுப்பைப் பார்த்துத்தான். ரேஸ் இறங்காததற்கு கார்புரேட்டரைக் குறை சொன்னார்கள், பெரிய ஜெட் போட்டார்கள். அது கசிவின் மேல் கொஞ்சம் கூடுதல் பெட்ரோலை ஊற்றி, ஒரு வாரத்துக்கு நோயை மூடி வைத்தது.

கழற்றாமல் பார்த்தவை

முதலில் கியர் ஆயிலை ஒரு அளவுக் குவளையில் இறக்கினேன். கடைசியாக மாற்றியபோது 650 மில்லி ஊற்றியதாக உரிமையாளர் உறுதியாகச் சொன்னார். வந்தது சுமார் 400. வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டுக் கறை கிடையாது. கால் லிட்டர் ஆயில் சைலன்சர் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். வந்த ஆயிலும் நீர்த்துப் போய் பெட்ரோல் வாசம் அடித்தது. வலது சீல் உறிஞ்சுவது மட்டுமல்ல, பிஸ்டன் கீழே வரும்போது கலவையை கியர் பெட்டிக்குள் தள்ளவும் செய்கிறது என்பதற்கு அந்த வாசமே சாட்சி.

அடுத்து இடது பக்க மூடியைத் திறந்தேன். மேக்னெட்டின் கீழ்ப்பாதியிலும் ஸ்டேட்டர் தட்டின் ஓரத்திலும் ஈரமான கறுப்புப் படலம். காய்ந்த தூசி இருக்க வேண்டிய இடம் அது. வண்டியை ஓடவிட்டு அங்கே கார்புரேட்டர் கிளீனர் அடித்துப் பார்க்கிற பழக்கம் பலருக்கு உண்டு. ரேஸ் மாறினால் கசிவு என்று அர்த்தம். பற்றக்கூடிய திரவத்தைச் சூடான எஞ்சினும் மின்சாரமும் இருக்கும் இடத்தில் பீய்ச்சுவது எனக்குப் பிடிக்காது. அதைவிடப் பத்திரமான, துல்லியமான வழி இருக்கிறது.

அதற்கு வேண்டியது ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவி. கைப்பட்டையைக் கழற்றிவிட்டால் மிச்சமிருப்பது ஒரு பம்பும், 300 மில்லிமீட்டர் பாதரசம் வரை காட்டும் முள்ளும். 300 என்பது ஏறக்குறைய 0.4 பார், நம் காற்றடிக்கும் கடைக் கணக்கில் 6 பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் கசிவைப் பார்க்க இந்த அளவுதான் வேண்டும். இதற்கு மேல் போகக் கூடாது. கம்ப்ரசர் காற்றை நேராக விட்டால் நல்ல சீலின் உதடும் (தண்டைத் தொடும் மெல்லிய விளிம்பு) மடங்கிப் போகும்.

சைலன்சரைக் கழற்றி எக்ஸாஸ்ட் வாயை அலுமினியத் தகடும் சைக்கிள் டியூப் ரப்பரும் வைத்து அடைத்தேன். கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, காற்றை அந்த வாய் வழியாகவே செலுத்தினேன். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ரீட் வால்வு உள்நோக்கி மட்டுமே திறக்கும். பிளக் ஓட்டை வழியாகக் காற்றடித்தால் ரீட் மூடிக்கொள்ளும். அதற்கு வெளியே இருக்கும் இன்டேக் இணைப்பில் கசிவு இருந்தாலும் தெரியாது. கார்புரேட்டர் பக்கமிருந்து அடித்தால் அதுவும் சேர்ந்தே சோதனைக்கு வந்துவிடும். பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்தால் பக்கவாட்டு வழிகள் திறந்து ஹெட் பேக்கிங்கும் பிளக்கும்கூடக் கணக்கில் சேரும்.

300-க்கு ஏற்றவே முடியவில்லை. 180-ஐத் தொட்டதும் கையை எடுத்தால் முள் சரசரவென்று பூஜ்யத்துக்கு ஓடியது. நல்ல எஞ்சின் என்றால் ஒரு நிமிடத்தில் 50 அளவுக்கு இறங்கினாலே யோசிக்க வேண்டும்.

சோப்புத் தண்ணீர் அடித்தேன். ஹெட், பிளாக் அடி, இன்டேக் எல்லாம் சுத்தம். மேக்னெட்டைப் புல்லர் போட்டு எடுத்துவிட்டு (எடுக்கும் முன் ஸ்டேட்டர் தட்டின் இருப்பிடத்தைக் கேஸில் கீறி அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும், டைமிங் அதில் இருக்கிறது) சீலின் மேல் அடித்தபோது, தண்டைச் சுற்றிக் கீழ்ப்பாதியில் நுரை பொங்கி வந்தது. வலது பக்கத்துக்கு சோப்பு எட்டாது. ரப்பர் கையுறையின் ஒரு விரலை வெட்டி கியர் ஆயில் ஊற்றும் வாயில் ரப்பர் பேண்டால் கட்டி, மூச்சு விடும் ஓட்டையை டேப் போட்டு அடைத்தேன். பம்பை அழுத்த அழுத்த அந்த ரப்பர் விரல் மெல்ல எழுந்து நிமிர்ந்து நின்றது. பக்கத்தில் நின்ற உரிமையாளர் சிரித்துவிட்டார். இரண்டு பட்டறைகளும் விளக்க முடியாததை அந்த விரல் விளக்கிவிட்டது.

ஏன் முழுசாகப் பிரித்தோம்

"சீலை மட்டும் மாத்தினா போதாதுங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மேக்னெட் பக்கச் சீலை எஞ்சினைப் பிரிக்காமலேயே மாற்றிவிடலாம். ஆனால் கிராங்க் தண்டின் முனையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தபோது கைக்கு ஆட்டம் தெரிந்தது. சுற்றிப் பார்த்தால் கரகரவென்று ஒரு உணர்வு. கிராங்க் தண்டைத் தாங்கும் மேன் பேரிங் ஆடினால் தண்டும் ஆடும். ஆடுகிற தண்டில் எந்தப் புதுச் சீலும் ரொம்ப நாள் நிற்காது. அதனால் எஞ்சினை இறக்கிப் பிரிப்பது என்று முடிவானது.

இறக்குகிற வேலையை விவரிக்க ஒன்றுமில்லை. ஆர்எக்ஸ் எஞ்சினை ஒருவரே தூக்கிவிடலாம். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: கேஸ் ஸ்க்ரூக்கள். இவற்றின் தலையில் இருப்பது ஜப்பானிய அளவுச் சிலுவை வெட்டு. நம் ஊரில் கிடைக்கும் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் அதில் முழுசாக உட்காராது, வழுக்கித் தலையைத் தின்றுவிடும். பொருத்தமான முனையும் இம்பாக்ட் டிரைவரும் சுத்தியலும் வேண்டும். பழைய ஆர்எக்ஸ் கேஸ்களில் பாதி ஸ்க்ரூ தலைகள் சிதைந்து கிடப்பது இதனால்தான்.

கேஸின் இரண்டு பாதிகளும் ஒட்டியிருக்கும் கோட்டில் ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே விழும் ஒரு கீறல் நிரந்தரக் காற்றுக் கசிவு. கேஸைச் சூடாக்கி, நைலான் சுத்தியலால் தட்டி, பொறுமையாகப் பிரித்தோம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுர்ரென்று ஓட வேண்டும், சூடு அவ்வளவு போதும்.

வலது மேன் பேரிங்கின் குண்டு ஓடும் தடத்தில் துருப் புள்ளிகள், குண்டுகளுக்கு இடையிலான அதே இடைவெளியில் வரிசையாக இருந்தன. ஓடித் தேய்ந்த பேரிங்கில் இப்படி இருக்காது. நின்ற இடத்திலேயே நின்று, குண்டு தொட்டுக்கொண்டிருந்த இடங்களில் ஈரம் அரித்திருக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட பெட்ரோல் டேங்கிலும் எஞ்சினிலும் இருக்க, வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் உள்ளே நடப்பது இதுதான்.

போர் போட்டு அதிகம் ஓடாத புதுப் பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்கத்தில் மெல்லிய நெடுங்கோடுகள் விழுந்திருந்தன. இன்னும் கொஞ்ச நாள் 15 மில்லியில் ஓடியிருந்தால், ஏதாவது ஒரு நெடுஞ்சாலையில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டிருக்கும்.

இனி சீல்கள். இடது சீலின் உதட்டை நகத்தால் அழுத்தினேன், தடம் விழவில்லை. ரப்பர் என்று சொல்ல முடியாது, கண்ணாடி மாதிரி பளபளத்துக் கெட்டியாகிவிட்டிருந்தது. ஒரு ஓரத்தில் மயிரிழை விரிசல். வலது சீலின் உதடு அவ்வளவு மோசமில்லை. ஆனால் அதைத் தண்டோடு அணைத்துப் பிடிக்க வேண்டிய வளைய ஸ்பிரிங் துருப்பிடித்து இரண்டாக அறுந்து உள்ளேயே கிடந்தது. ஒரு பக்கம் சூட்டிலும் வயதிலும் ரப்பர் செத்துப்போனது, மறுபக்கம் ஈரத்தில் இரும்பு செத்துப்போனது. காரணங்கள் வேறு, பலன் ஒன்று.

கிராங்கைக் கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் இரு முனைகளிலும் தாங்கி, டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தோம். ஓட்டம் (சுற்றும்போது தண்டு கோணி ஆடும் அளவு) 0.02 மில்லிமீட்டர். யமஹாவின் வரம்பு 0.03. கனெக்டிங் ராடிலும் குறை இல்லை. அதனால் கிராங்க் செட்டைப் பிரிக்கவில்லை. எதையும் விடாமல் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று ஆசை வரும். வண்டியோடு வந்த அசல் கிராங்க் கோணாமல் இருந்தால் அதைத் தொடாமல் விடுவதே மேல்.  1996-இல் தயாரிப்பு நின்ற பிறகு சந்தையில் கிடைக்கும் பலவகை கிராங்க்குகளின் தரத்தை அதோடு ஒப்பிடவே முடியாது.

சீல் வாங்குவதும் உட்கார வைப்பதும்

கடையில் "ஆர்எக்ஸ் கிராங்க் சீல்" என்று கேட்டால் ஐந்தாறு வகை எடுத்துப் போடுவார்கள். பழையதின் முகத்தில் அச்சாகியிருக்கும் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் குறித்துக்கொண்டு போய், வெர்னியரில் சரிபார்த்துத்தான் வாங்க வேண்டும். அளவு ஒன்றாக இருந்தும் உதட்டின் அமைப்பு வேறாக இருப்பதுண்டு. ரப்பர் வகையும் முக்கியம். சாதாரண நைட்ரைல் ரப்பர் விலை குறைவு, ஏறக்குறைய 100 டிகிரி வரை தாங்கும். விட்டான் வகை 200 டிகிரியையும் தாங்கும். 20 சதவீதம் எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்கும் அதுதான் ஈடுகொடுக்கும். பழுப்பு நிறமாக இருந்தால் விட்டான் என்று கடைக்காரர் சொல்வார். நிறம் சான்று ஆகாது. உறையில் என்ன அச்சிட்டிருக்கிறது, நம்பிக்கையான தயாரிப்பா என்று பார்ப்பதே வழி.

பேரிங்கிலும் இதே கதை. எண் ஒன்றாக இருந்தாலும் பின்னால் சி3 என்று இருக்க வேண்டும். உள் இடைவெளி சற்றுக் கூடுதலான வகை அது. எஞ்சின் சூட்டில் விரியும்போது இடம் வேண்டுமே. அது இல்லாத பேரிங் விலை மலிவு. கிராங்கில் போட்டால் சூடானதும் இறுக்கிப் பிடிக்கும்.

இடது தண்டில் பழைய உதடு ஓடி ஓடி ஒரு மெல்லிய பள்ளம் போட்டிருந்தது. கண்ணுக்கு ஒரு கோடு, நகத்துக்கு ஒரு தட்டல். புதுச் சீலை அதே இடத்தில் உட்கார வைத்தால் புது உதடும் அந்தப் பள்ளத்தில்தான் விழும். பழையது கேஸ் விளிம்புக்குச் சமமாக இருந்தது. உள்ளே பேரிங் வரை எவ்வளவு இடம் இருக்கிறது, பேரிங்குக்கு ஆயில் போகும் துளை மறைந்துவிடுமா என்று டெப்த் கேஜில் அளந்து பார்த்த பிறகு, ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக உள்ளே இறக்கினோம். உதடு இப்போது தேயாத இடத்தில் ஓடுகிறது. பள்ளம் இன்னும் ஆழமாக இருந்திருந்தால் இந்த வித்தை செல்லாது. தண்டின் மேல் மெல்லிய ஸ்லீவ் ஏற்ற வேண்டியிருக்கும்.

புதுச் சீல் சேதமாவது பெரும்பாலும் மாட்டும்போதுதான். தண்டில் சாவி (மேக்னெட்டை நழுவாமல் பிடிக்கும் சிறு இரும்புத் துண்டு) உட்காரும் வெட்டின் ஓரமும் மரையும் பிளேடு மாதிரி உதட்டைக் கீறிவிடும். கழுவிக் காயவைத்த ஆவின் பால் கவரை வெட்டித் தண்டின் மேல் இறுக்கிச் சுற்றி, மேலே கிரீஸ் தடவி, சீலை அதன் மேல் வழுக்கி ஏற்றினேன். உதட்டின் உள்பக்கமும் கிரீஸ் வேண்டும். முதல் ஸ்டார்ட்டில் உதடு காய்ந்து ஓடினால் அந்த ஒரு நிமிடத்திலேயே கெட்டுவிடும். மேக்னெட் பக்கத்தில் ஸ்பிரிங் தெரியும் முகம் கிராங்க் அறையைப் பார்க்க வேண்டும். வலது பக்கத்தில் பழையது எப்படி இருந்ததோ, கழற்றும்போது எடுத்த படத்தைப் பார்த்து அப்படியே. சுத்தியலால் ஓரமாகத் தட்டினால் கோணும். சீலின் வெளிவட்டத்துக்குச் சரியான ஒரு குழாய்த் துண்டை லேத்தில் கடைந்து வாங்கி, நேராக அழுத்தி இறக்கினோம்.

கேஸ் முகங்களில் பழைய பசையைச் சுரண்டாமல் தின்னரில் ஊறவைத்துத் துடைத்து, புது அனபாண்ட் பசையை மெல்லிசாகப் பூசி மூடினோம். பசை தாராளமாக இருந்தால் உள்ளே பிதுங்கி, அதே ஆயில் துளையை அடைக்கும்.

மாட்டிய பிறகு

எஞ்சினை வண்டியில் ஏற்றும் முன், மேஜையிலேயே மறுபடி அதே சோதனை. முள் 300-இல் ஏறி நின்றது. தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தபோது 280-க்குச் சற்றுக் கீழே. ரப்பர் விரல் துவண்டே கிடந்தது. காற்றை உறிஞ்சும் பம்ப் ஒன்று இரவல் வாங்கி வெற்றிடத்திலும் பார்த்தோம், ஏனென்றால் அழுத்தத்தைத் தாங்கும் உதடு உறிஞ்சலில் தூக்கிக்கொள்வதும் உண்டு. அதிலும் தேறியது.

பெரிய ஜெட்டைக் கழற்றிவிட்டு அசல் அளவைப் போட்டோம். கலவை லிட்டருக்கு 30 மில்லி. கோடு விழுந்த பிஸ்டனை நைஸ் எமரித் தாளில் லேசாகத் தேய்த்து, ரிங் மட்டும் புதிதாக. பிளாக்கில் பாதிப்பு இல்லை.

ஸ்டார்ட் செய்ததும் புகை! உரிமையாளரின் முகம் வாடிப்போனது. இது வரும் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. சைலன்சருக்குள் மாதக்கணக்கில் தேங்கிய கியர் ஆயில் சூட்டில் எரிந்து தீர வேண்டும். உள்ளே சத்தத்தைக் குறைக்கும் பேஃபிள் குழாயை உருவி எரித்துச் சுத்தம் செய்த பிறகும், சைலன்சர் உடலில் ஒட்டியிருப்பது தீர சில பத்து கிலோமீட்டர் ஆகும். இந்தக் கட்டத்தில் பயந்து திரும்பவும் எஞ்சினைத் திறந்தவர்கள் உண்டு. பாலக்காட்டு ரோட்டில் போய் வந்ததும் புகை நூலாக இளைத்தது. ரேஸ் விட்டதும் இறங்கியது. பிளக் இப்போது பழுப்பு, அதுவும் நம்பக்கூடிய பழுப்பு.

முதல் ஆயில் மாற்றத்துக்கு அவரையே அளவுக் குவளையோடு வரச் சொன்னேன். 650 ஊற்றியதில் 630 திரும்பி வந்தது. குழாயிலும் பல்சக்கரங்களிலும் ஒட்டியது போக அதுதான் கணக்கு. ஒவ்வொரு முறையும் இறங்கும் அளவைக் குறித்து வையுங்கள், 550-க்குக் கீழே போனால் வண்டியை ஓட்டாமல் போன் செய்யுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஆட்டோலூப் பம்பைத் திரும்ப மாட்டலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் மாட்டலாம். அதுவரை பெட்ரோல் போடுகிற ஒவ்வொரு தடவையும் லிட்டருக்கு 30 மில்லி, குறைக்காமல்.